கணினியின் வழுவமைதி

வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்று படிகளைத் தமிழ் இலக்கணம் வகுத்து வைத்திருக்கிறது. பிழையறப் பேசுவது முதலாவது. பிழைபடப் பேசுவது இரண்டாவது. பிழைதான் என்று தெரிந்தும், தக்கதொரு காரணம் பற்றி அதை ஏற்று அமைத்துக்கொள்வது மூன்றாவது. தன் பசுவை அம்மை என்றழைத்து, அதற்கு உயர்திணை வினையும் கொடுத்துப் பேசும் உழவனைத் திருத்த எந்த இலக்கண ஆசிரியரும் முன்வந்ததில்லை. தொல்காப்பியர் கிளவியாக்கத்திலும் நன்னூலார் பொதுவியலிலும் இத்தகைய ஏற்புகளுக்குப் பல நூற்பாக்களை ஒதுக்கியிருக்கிறார்கள். விதியைச் சொல்ல ஆன இடத்தைவிட விலக்கைச் சொல்ல ஆன இடம் சில வேளை அதிகமோ என்றுகூடத் தோன்றும்.

கட்டற்ற மென்பொருள்களைத் தமிழாக்கப் புகுந்த ஆர்வலர்கள் 'பக்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'வழு' என்பதை எடுத்துக்கொண்டார்கள். நல்ல தேர்வு. ஆனால் அதன் உடன்பிறப்பான வழுவமைதி பின்தங்கிவிட்டது. கணினியியலில் அதற்கு நிகரான ஒரு பெருந்துறை உண்டு என்பதையும், அதற்கு நாற்பதாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது என்பதையும் இலக்கிய வாசகர்கள் அறிய வாய்ப்புக் குறைவு. தருமபுரி போன்றதொரு மாவட்டத்தில் அவ்வரலாற்றுக்கு என்ன வேலை என்பதையும் சேர்த்தே இங்குப் பார்க்க விழைகிறோம்.

கணினியின் விசையை அழுத்துகிறோம். திரையில் நம் பெயரும் கடவுச்சொல் கேட்கும் கட்டமும் வருவதற்குள் சில நொடிகள் கழிகின்றன. அந்நொடிகளில் இயங்குதளம் இன்னும் பிறந்து முடியவில்லை. எவ்வளவு நினைவகம் இருக்கிறது, செயலி எது, விசைப்பலகை எங்கே, வட்டு எங்கே என்று ஒவ்வொன்றையும் அது கேட்டறிந்தாக வேண்டும். கேட்பதற்கு இருப்பதோ தாய்ப்பலகையில் பொதிந்துள்ள பயாஸ் என்னும் சிறு மென்பொருளும், அந்தந்தச் சில்லுகளும்தான். அவை சொல்வதெல்லாம் உண்மையாக இருப்பதில்லை. சில பொய் சொல்கின்றன. சில பதிலே சொல்வதில்லை. சிலவற்றைக் கேட்டாலே கணினி உறைந்துவிடுகிறது. ஆகவே இயங்குதளத்தின் மையக்கருவான கெர்னல், கண்விழிக்கும்போதே வன்பொருளின் கோணல்களைக் கண்டுபிடித்து அவற்றைச் சுற்றிக்கொண்டு போகும் வித்தையைக் கற்றிருக்க வேண்டியிருக்கிறது.

இவற்றுள் மூத்த கோணலின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1978இல் இன்டெல் நிறுவனம் 8086 என்ற செயலியை வெளியிட்டது. நினைவகத்தின் எந்த இடத்தையும் சுட்ட அதற்கு 20 முகவரிக் கம்பிகள் இருந்தன. 20 கம்பிகளால் 10,48,576 இடங்களைச் சுட்டலாம். அதாவது ஒரு மெகாபைட். ஆனால் முகவரியைக் கணக்கிட அச்செயலி இரண்டு எண்களைக் கூட்டும் முறையைக் கையாண்டது. கூட்டுத்தொகை சில வேளை ஒரு மெகாபைட்டைத் தாண்டி, ஏறத்தாழ 64 கிலோபைட் வரை அப்பால் போகக்கூடும். தாண்டினால் அதைச் சுமக்க இருபத்தோராவது கம்பி இல்லை. ஆகவே முகவரி சுற்றிக்கொண்டு பூச்சியத்துக்கே வந்து சேரும். பழைய ஸ்கூட்டர்களில் ஓடிய தூரத்தைக் காட்டும் எண்கள் 99,999ஐத் தாண்டியதும் மீண்டும் பூச்சியத்தில் தொடங்குவதைப் பார்த்திருப்போம். அதே கதைதான்.

இதை ஒரு குறை என்று விட்டிருக்கலாம். சிலர் வசதியாக்கிக்கொண்டார்கள். நினைவகத்தின் உச்சியில் நின்றுகொண்டே அடிவாரத்தைத் தொட முடிகிறதல்லவா? அந்தச் சுற்றலை நம்பி நிரல்கள் எழுதப்பட்டன. 1982இல் 80286 வந்தது. அதற்கு 24 முகவரிக் கம்பிகள், 16 மெகாபைட் வரை எட்டும் கை. இப்போது ஒரு மெகாபைட்டைத் தாண்டிய முகவரி உண்மையிலேயே தாண்டிப்போய் நின்றது. சுற்றலை நம்பிய பழைய நிரல்கள் கெட்டுப்போகும் நிலை. 1984 ஆகஸ்டில் இச்செயலியைக் கொண்டு பி.சி. ஏ.டி. கணினியை வெளியிட்ட ஐ.பி.எம். பொறியாளர்கள் ஒரு வழி கண்டார்கள். இருபத்தோராவது கம்பியின் குறுக்கே ஒரு கதவை வைத்தார்கள். பூச்சியத்திலிருந்து எண்ணுவது அவர்கள் மரபாதலால் அக்கம்பியின் பெயர் ஏ20. கதவின் பெயர் ஏ20 கேட். கதவு மூடியிருந்தால் புதிய செயலி பழையதைப்போல் நடிக்கும். திறந்தால் தன் முழு உயரத்துக்கு நிமிரும்.

கதவைத் திறக்கும் சாவியை எங்கே வைப்பது? தாய்ப்பலகையில் விசைப்பலகையைக் கவனித்துக்கொள்ள 8042 என்றொரு சிறு சில்லு இருந்தது. அதில் ஒரு கால் வேலையின்றிச் சும்மா இருந்தது. சாவியை அங்கே மாட்டிவிட்டார்கள். பேரரசின் கருவூலச் சாவியை வாயில்காப்போனின் இடுப்பில் செருகிய மாதிரி. அன்று முதல், நினைவகம் முழுவதையும் பயன்படுத்த விரும்பிய ஒவ்வோர் இயங்குதளமும் கண்விழித்ததும் முதல் வேலையாக விசைப்பலகைச் சில்லிடம் போய் நிற்க வேண்டியதாயிற்று.

அச்சில்லோ மெதுவானது. சொன்ன கட்டளையைச் செய்து முடித்ததா என்பதைத் தனியே சோதித்தறிய வேண்டும். ஐ.பி.எம்.மைப் பார்த்து மற்றவர்கள் செய்த கணினிகளில் அது இன்னும் பலவிதமாக நடந்துகொண்டது. விரைவாகத் திறக்க வேறொரு வாசலும் பிற்பாடு வந்தது. ஆனால் அவ்வாசலின் அடுத்த பிட்டைத் தவறித் தொட்டால் கணினியே மறுபடி முதலிலிருந்து துவங்கிவிடும்.

ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 செப்டம்பரில் லினக்ஸின் 0.01 பதிப்பை வெளியிட்டபோது அவருக்கு வயது 21. அப்பதிப்பின் துவக்க நிரலிலேயே ஏ20 கதவைத் திறக்கும் வரிகள் இருக்கின்றன. விசைப்பலகைச் சில்லு பதில் சொல்லும்வரை காத்திருக்கும் ஒரு சிறு வளையம். காத்திருப்புக்குக் கெடு கிடையாது. பதில் வராவிட்டால் கணினியில் ஏதோ கோளாறு, மேலே போவதிலும் பயனில்லை என்ற பொருளில் ஒரு குறிப்பும் அதனருகே எழுதியிருந்தார். சொந்த மேசையில் இருந்த ஒரே ஒரு கணினிக்காக எழுதிய ஓர் இளைஞனின் தன்னம்பிக்கை அது.

2007இல் புதிதாக எழுதப்பட்ட லினக்ஸ் துவக்க நிரலில் இந்தப் பகுதியைப் பார்த்தால் வேறு மனநிலை தெரிகிறது. முதலில், கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறதா என்று சோதிக்கிறது. சோதனை எளிமையானது. அடிவாரத்தில் ஓரிடத்தில் ஓர் எண்ணை எழுதி, சரியாக ஒரு மெகாபைட் மேலே இருக்கும் இடத்தைப் படித்துப் பார்ப்பது. கீழே மாற்ற மாற்ற மேலேயும் மாறினால் இரண்டும் ஒரே இடம், கதவு மூடியிருக்கிறது. மூடியிருந்தால் பயாஸிடம் திறக்கச் சொல்கிறது. சொன்ன பிறகு அதன் பேச்சை நம்பாமல் மறுபடி சோதிக்கிறது. திறக்கவில்லையா, விசைப்பலகைச் சில்லு. மறுபடி சோதனை. பிறகு அந்த விரைவு வாசல். மீண்டும் சோதனை. இப்படி 255 சுற்று முயன்றும் ஆகாவிட்டால்தான், கதவு பதிலளிக்கவில்லை என்று திரையில் எழுதிவிட்டு நின்றுகொள்கிறது. பதினாறு ஆண்டுகளில் உலகின் எத்தனையோ மேசைகளிலிருந்து வந்த முறையீடுகள் அந்த ஒற்றை வளையத்தை இவ்வளவு சந்தேகம் பிடித்த ஒரு வழிமுறையாக்கியிருக்கின்றன.

*

தொண்ணூறுகளின் பிற்பாதியிலோ அதற்குச் சற்றுப் பின்னரோ லினக்ஸை நிறுவிப் பார்த்தவர்களுக்குக் கருந்திரையில் மளமளவென்று ஓடும் வெள்ளெழுத்துகள் நினைவிருக்கலாம். அவற்றுள் சில வரிகள் இப்போது படிக்கையில் ஒரு மருத்துவமனையின் சேர்க்கைச் சீட்டைப்போலத் தோன்றுகின்றன. 'ஹால்ட்' கட்டளை வேலை செய்கிறதா எனச் சோதிக்கிறேன், சரி. எழுதத் தடையுள்ள பக்கத்தைச் செயலி மதிக்கிறதா, சரி.

முதல் வரியின் பின்னணி இது. வேலையில்லாத நேரத்தில் செயலியைச் சற்று உறங்கவைக்கும் கட்டளை 'ஹால்ட்'. பழைய கணினிகளுள் சில, உறங்கப்போனால் எழவே இல்லை. லினக்ஸ் துவங்கும்போது சோதனையின் பெயரைத் திரையில் எழுதிவிட்டு, சில முறை உறங்கி எழுந்து, பிறகே 'சரி' என்று எழுதும். எழாமற்போனால் திரையில் அந்த வரி பாதியில் நிற்கும். பார்ப்பவருக்குக் காரணம் தெரிந்துவிடும். அடுத்த முறை, உறங்காதே என்றொரு சொல்லைத் துவக்கத்திலேயே கொடுத்துவிடலாம். இறப்பதற்கு முன் இன்னது செய்யப் போகிறேன் என்று எழுதிவைத்துவிட்டுச் செய்யும் இந்த ஏற்பாட்டின் எளிமை எங்களுக்கு மிகப் பிடித்தது.

இரண்டாவது சோதனை 386 செயலிக்குரியது. எழுதக் கூடாது என்று பூட்டிய நினைவகப் பக்கத்தில் சாதாரண நிரல் எழுத முயன்றால் 386 தடுக்கும். கெர்னலே எழுத முயன்றால் பூட்டைப் பொருட்படுத்தாது. 486 முதல் இது திருத்தப்பட்டது. ஆகவே லினக்ஸ் வேண்டுமென்றே பூட்டிய பக்கமொன்றில் எழுதிப் பார்க்கும். பிழை எழுந்தால் மகிழ்ச்சி.

1994இல் பென்டியம் செயலியின் வகுத்தல் பிழை அமெரிக்காவில் நாளேட்டுச் செய்தியாயிற்று. தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் பகா எண்கள் பற்றிய தம் ஆய்வில் விடைகள் இசையாததைக் கண்டு துருவியபோது வெளிப்பட்ட வழு அது. வகுத்தலுக்காகச் சில்லுக்குள் பொதிந்திருந்த அட்டவணை ஒன்றில் சில இடங்கள் நிரப்பப்படாமல் விடுபட்டிருந்தன. இன்டெல் 47 கோடியே 50 இலட்சம் டாலரை அதற்காக ஒதுக்க நேர்ந்தது. லினக்ஸ் செய்தது ஒரு பள்ளிக் கணக்கு. 4195835ஐ 3145727ஆல் வகுத்து, வந்த ஈவை மீண்டும் அதே எண்ணால் பெருக்கி, முதல் எண்ணிலிருந்து கழித்துப் பார்ப்பது. நல்ல செயலி பூச்சியம் என்று சொல்லும். பழுதான பென்டியம் 256 என்று சொல்லும். பிழையுள்ள சில்லைக் கண்டுபிடிக்க உலகெங்கும் கணினிகள் துவங்கும்போதெல்லாம் இந்த ஒரே கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தன.

1997 நவம்பரில் அதே குடும்பத்தில் இன்னொன்று. எஃப்00எஃப் என்று பெயர்பெற்ற வழு. நான்கே பைட் நீளமுள்ள ஒரு தவறான கட்டளை; எந்த அனுமதியும் இல்லாத சாதாரணப் பயனர் அதை ஓட்டினாலும் கணினி முழுவதும் உறைந்துவிடும். தவறான கட்டளையைக் கண்டதும் செயலி அடுத்து என்ன செய்வதென்று ஓர் அட்டவணையைப் பார்க்கப் போகும்; போகிற வழியில் தன்னைத்தானே பூட்டிக்கொண்டுவிடும். இதற்குக் கண்ட மாற்றுவழி விநோதமானது. அந்த அட்டவணை இருக்கும் பக்கத்தை எழுதத் தடையுள்ளதாக்கிவிட்டார்கள். இப்போது அட்டவணையை அணுகும்போதே வேறொரு பிழை முந்திக்கொண்டு எழும். செயலி பூட்டிக்கொள்ளத் தவறிவிடும். நம்மூர்ப் பழமொழியில் முள்ளை முள்ளால் எடுத்தார்கள்.

இவையெல்லாம் சோதித்து அறியக்கூடிய வழுக்கள். சோதிக்க முடியாதவையும் உண்டு. சோதனையே கணினியை உறையவைக்குமானால் என்ன செய்வது? தொட்டுப் பார்க்காமலே தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பெயர் தெரிய வேண்டும்.

இவ்விடத்தில்தான் அட்டவணைகள் வருகின்றன. தயாரிப்பாளர் யார், மாதிரியின் பெயர் என்ன, பயாஸ் எந்தத் தேதியிட்டது என்பவற்றை ஒரு வகுத்த வடிவில் கணினிக்குள்ளேயே பொறித்துவைக்கும் வழக்கம் தொண்ணூறுகளில் ஏற்பட்டது. இரண்டாயிரங்களின் தொடக்கத்திலிருந்து லினக்ஸ் அந்தப் பெயரைத் துவக்கத்திலேயே படித்து, தன் பட்டியலில் உள்ளதா என்று பார்க்கிறது. இன்ன நிறுவனத்தின் இன்ன மாதிரி. இதை மறுதுவக்கம் செய்ய இந்த வழி ஆகாது, அந்த வழியில் போ. இத்தகைய பதிவுகள் கெர்னலின் வெவ்வேறு மூலைகளில் நூற்றுக்கணக்கில் சேர்ந்திருக்கின்றன.

தருமபுரி அகழ்வைப்பகத்துக்குச் சென்றவர்கள் நடுகற்களைப் பார்த்திருப்பார்கள். பல்லவர் காலத்து வட்டெழுத்துக் கற்கள் இம்மாவட்டத்தில் நிறையக் கிடைத்துள்ளன. இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்ன ஊரில் ஆநிரை கவர வந்தபோது, இன்னார் மகன் இன்னான் பட்டான் கல். அவ்வளவுதான். கல்லுக்கு அதைவிட அதிகமாகச் சொல்ல இடமில்லை. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் எனத் தொல்காப்பியர் கல் நடும் முறைக்கு ஆறு துறைகள் வகுத்தார். கெர்னலின் இந்த அட்டவணைகளை முதன்முதலில் வாசித்தபோது அக்கற்களின் நடைதான் எங்கள் நினைவுக்கு வந்தது. தயாரிப்பாளர், மாதிரி, தேதி, எங்கே விழுந்தது. ஒவ்வொரு பதிவுக்குப் பின்னும் எங்கோ ஒரு வீட்டில் துவங்க மறுத்த ஒரு கணினியும், விடாமல் அதன் முன் உட்கார்ந்திருந்த ஒரு மனிதரும் இருக்கிறார்கள்.

பெயர் பொறிக்கப்படாத கற்களும் இருக்கின்றனவே. கணினிகளிலும் அப்படித்தான். தாய்ப்பலகையைச் செய்பவர் ஒருவர், அதை வாங்கிக் கணினியாகக் கோத்து விற்பவர் வேறொருவர். பெயர்க் கட்டத்தை விற்பவர் நிரப்பட்டும் என்று செய்தவர் விட்டுவிடுவார். விற்பவர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. சென்னை ரிச்சி தெருவில் உதிரிகளாக வாங்கிக் கோத்த பல கணினிகளிடம் நீ யார் என்று கேட்டால், 'டு பி ஃபில்டு பை ஓ.ஈ.எம்.' என்றே விடை வரும். உற்பத்தியாளரால் நிரப்பப்பட வேண்டியது. தன் பெயரே தெரியாத கணினிக்கு எந்தப் பட்டியலிலிருந்து மருந்து எடுத்துக் கொடுப்பது?

*

தமிழ்நாட்டு அரசு தன் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கும் திட்டத்தை 2011 செப்டம்பர் 15இல் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுகளுக்குள் ஐம்பது இலட்சம் அளவிலான கணினிகள் இம்மாநிலத்து வீடுகளுக்குள் சென்றன. தொடக்க ஆண்டுகளில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸிலிருந்து உருவாக்கிய பாஸ் என்ற இயங்குதளமும் அவற்றில் சேர்த்தே நிறுவப்பட்டிருந்தது. தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து ஊர்களில் பல குடும்பங்களுக்கு அதுவே வீட்டுக்குள் வந்த முதல் கணினி. படிப்பு முடிந்ததும் பரணுக்குப் போனவை பல. 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடியபோது தம்பி தங்கையருக்காக அவற்றுள் சில இறக்கப்பட்டன. பழைய விண்டோஸ் ஊர்ந்தது. எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டால் ஓடும் என்று சொல்வாரும் செய்வாரும் தோன்றினர்.

நாங்கள் அறிந்த பழுதுநீக்குபவர் ஒருவர் தருமபுரிக் கடைவீதியில் இருக்கிறார். கணக்கெழுதும் நீள நோட்டு ஒன்றை வைத்திருக்கிறார். பக்கத்தின் இடப்புறம் மடிக்கணினியின் மாதிரிப் பெயர். வலப்புறம் துவக்கத்தில் சேர்க்க வேண்டிய சொல். அரசு கொடுத்தவை, ஒசூரிலோ பெங்களூரிலோ பழையதாக வாங்கி வந்தவை எல்லாம் அதில் உண்டு. எந்தெந்தக் கம்பெனி என்பது இங்கு வேண்டாம். ஒரு சொல் மட்டும் நாலைந்து பக்கங்களில் திரும்பத் திரும்ப வருகிறது: ஐ8042.நோமக்ஸ்=1. விசைப்பலகை வேலை செய்யும். அதன் கீழுள்ள தொடுதளம் அசையாது. இந்தச் சொல்லைக் கொடுத்தால் அசையும்.

8042. ஐ.பி.எம். பொறியாளர்கள் 1984இல் சாவியை மாட்டிவைத்த அதே சில்லுதான். சில்லு தனியாக இப்போது இல்லை. மடிக்கணினியின் மின்கலத்தையும் விசிறியையும் கவனிக்கும் வேறொரு சில்லு, அந்தப் பழைய 8042ஆகவும் வேடம் கட்டுகிறது. ஒரே கம்பியில் பல கருவிகளைப் பிரித்தாளும் வசதி உன்னிடம் உண்டா என்று லினக்ஸ் கேட்கிறது. வேடக்காரச் சில்லுக்கு அந்த வசனம் பாடமில்லை. ஆயினும் உண்டு என்கிறது. அதை நம்பிய லினக்ஸ் தொடுதளத்தைத் தவறான இடத்தில் தேடுகிறது. நோட்டிலுள்ள சொல்லின் பொருள், அந்தக் கேள்வியையே கேட்காதே என்பதுதான். கெர்னலுக்குள்ளும் இதே கோணலுக்கென ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. அதில் இடம்பெற்ற மாதிரிகளுக்கு யாரும் எதையும் சேர்க்க வேண்டியதில்லை, தானே நடக்கும்.

பட்டியலில் ஏறும் வழி என்ன? கணினியின் பெயர்க் கட்டத்தைப் படித்து, திருத்தத்தை உரிய வடிவில் எழுதி, தன் பெயரில் கையொப்பமிட்டு, ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். பராமரிப்பாளர் கேள்வி கேட்பார். பதில் சொல்ல வேண்டும். இது யாருக்கும் மூடிய வாசலன்று. இந்தியப் பெயர்களும் ஏறியிருக்கின்றன. மும்பையைச் சேர்ந்த ஐபால் நிறுவனத்தின் ஏர்3 என்ற மலிவு விலை மடிக்கணினிக்கு ஒரு பதிவு உண்டு. அதன் தொடுதளம், தான் இன்ன கருவி என்ற விவரக்குறிப்பைக் கேட்டால் தராது. எனவே அக்குறிப்பின் ஒரு படியைக் கெர்னலே தன்னிடம் வைத்துக்கொண்டு, பெயரைக் கண்டதும் எடுத்துப் பயன்படுத்துகிறது. யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியதால் உலகிலுள்ள எல்லா ஏர்3 கணினிகளுக்கும் தொடுதளம் கிடைத்தது. தருமபுரி நோட்டில் உள்ள வரிகளோ நோட்டிலேயே இருக்கின்றன. அவை அந்தக் கடைக்கு வந்த கணினிகளுக்கு மட்டும் உதவுகின்றன. அதே மாதிரி இன்னொன்று திருநெல்வேலியில் தொடுதளம் செத்ததென்று பழைய இரும்புக்குப் போயிருக்கலாம்.

ஏழை வீட்டுக் கணினிக்குத்தான் இப்பட்டியல் அதிகம் தேவை என்பதையும் சொல்ல வேண்டும். விலையுயர்ந்தவற்றை உலகெங்கும் நிரலாளர்களே வாங்குகிறார்கள். அவற்றின் வழுக்கள் சில வாரங்களில் பதிவாகிவிடும். மொத்தக் கொள்முதலுக்கென்றே செய்த மாதிரிகளை வாங்கும் நிரலாளர் குறைவு.

*

பயாஸ் பொய் சொல்லும் என்றோம். இயங்குதளமும் சொல்லும். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகியவை சேர்ந்து 1996இல் ஏ.சி.பி.ஐ. என்ற ஒப்பந்த வடிவை வெளியிட்டன. மின்சாரத்தையும் கருவிகளையும் எப்படிக் கையாள்வதென்று பயாஸ் ஒரு சிறு நிரலாகவே எழுதிக் கொடுக்கும்; இயங்குதளம் அதை ஓட்ட வேண்டும். அந்நிரல் இடையில், நீ யார் என்று கேட்கலாம். லினக்ஸ் தொடக்கத்தில் உண்மைப் பெயரையும் சொல்லிக்கொண்டிருந்தது. தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் விண்டோஸில் மட்டுமே சோதித்துப் பார்த்தார்கள். லினக்ஸ் என்ற விடைக்கு எழுதிய வழிகள் சரிபார்க்கப்படாமல் கிடந்தன. 2007 முதல் லினக்ஸ் அந்தப் பெயரைச் சொல்வதை நிறுத்திக்கொண்டது. கேட்டால் விண்டோஸின் இன்ன பதிப்பு என்கிறது. விராடன் அரண்மனையில் பிருகன்னளையாக இருந்த அருச்சுனனுக்கு ஓராண்டுதான் கெடு. இந்த அஞ்ஞாதவாசம் முடிவதாகத் தெரியவில்லை.

நினைவகத்தின் அடியிலுள்ள முதல் 64 கிலோபைட்டை லினக்ஸ் தொடாமல் ஒதுக்கிவைக்கும் வழக்கத்துக்கும் ஒரு காரணம் உண்டு. கணினி உறங்கி எழும்போதோ, திரைக்குரிய கம்பியைச் செருகும்போதோ சில பயாஸ்கள் சொல்லாமல் கொள்ளாமல் அங்கே வந்து எதையாவது கிறுக்கிவிட்டுப் போகும். குற்றவாளிகளை ஒவ்வொருவராகப் பிடித்து மாளாது. வீட்டின் அந்த அறையையே காலி செய்துவிட்டார்கள். 2021இல் இது முதல் ஒரு மெகாபைட் முழுமைக்குமாக விரிந்தது.

இவ்வகையில் நாங்கள் வாசித்தவற்றுள் மிக விசித்திரமானது ஆப்பிள் மேக்புக் பற்றியது. வலைவழித் துவக்கத்துக்காக அதன் துவக்க மென்பொருள் வைஃபை அட்டையை எழுப்பிவைத்துவிட்டு, இயங்குதளத்திடம் பொறுப்பைக் கொடுக்கும்போது அணைக்க மறந்துவிடுகிறது. அட்டையோ காற்றில் வரும் செய்திப் பொட்டலங்களைப் பிடித்து, தனக்கு முன்பு காட்டிய நினைவக இடத்தில் தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் இப்போது லினக்ஸ் குடிவந்திருக்கும். அண்டை வீட்டாரின் வைஃபை அலைகள் நம் கணினியின் நினைவகத்தில் வந்து விழுகின்றன! 2012இல் மாத்யூ காரெட் இதைத் துப்பறிந்து வெளியிட்டார். 2016இல் கெர்னலின் துவக்கத்திலேயே, வேறு எதுவும் நடக்குமுன், அந்த அட்டையைத் தேடிப் பிடித்து நிறுத்தும் பதிவு சேர்ந்தது.

2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பெயர்களில் செயலிகளின் அடிப்படை அமைப்பிலேயே இருந்த ஓட்டைகள் வெளிவந்தபின் துவக்கச் சோதனைகள் பன்மடங்காகப் பெருகின. ஒரு காலத்தில் 'ஹால்ட்', வகுத்தல் என்று சில வரிகளில் அடங்கிய நிரற்கோப்பு இன்று ஆயிரக்கணக்கான வரிகள் கொண்டது. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

பட்டியலிலிருந்து நீங்கியவையும் உண்டு. 386 செயலிக்கான எல்லா ஏற்பாடுகளையும் லினக்ஸ் 2013 பிப்ரவரியில் வெளிவந்த 3.8ஆம் பதிப்பில் கைவிட்டது. அந்தத் திருத்தத்தை அனுப்பிய இங்கோ மோல்னார், 1991இல் டோர்வால்ட்ஸ் வாங்கிய முதல் 386 கணினியில் இனி லினக்ஸ் துவங்காது என்பதைச் சற்று ஏக்கத்தோடு குறிப்பிட்டிருந்தார். டோர்வால்ட்ஸ் தமக்கு அத்தகைய பற்று எதுவும் இல்லையென்று சொல்லி ஏற்றுக்கொண்டார்.

8086இன் நிலை வேறு. இன்று கடையில் வாங்கும் இன்டெல் செயலியும் மின்சாரம் பாய்ந்ததும் முதலில் 8086ஆகவே கண்விழிக்கிறது. அதன் பிறகே படிப்படியாகத் தன் காலத்துக்கு வந்து சேர்கிறது. 2023 மே மாதத்தில் இன்டெல் இந்தப் பழைய நிலைகளையெல்லாம் நீக்கிவிட எக்ஸ்86எஸ் என்றொரு வரைவை முன்வைத்தது. 2024 டிசம்பரில் அவ்வரைவு கைவிடப்பட்டது.